ஏரியா பார்க்கப் போன அண்டா

மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர்களுக்குத்தான் தும்மல் என்றால் என்னவென்று தெரியும். தனக்கோட்டியும் அவன் தம்பிகள் ஏழுமலையும் கன்னியப்பனும் அப்படி ஒரு மாடியில் ஆறு வருஷமாகத் தும்மிக்கொண்டிருந்தார்கள். திங்களும் புதனும் கோதுமை, வீடு வெள்ளையாகும். செவ்வாயும் வெள்ளியும் மிளகாய்; வீட்டில் இருப்பவர்கள் சிவப்பாவார்கள்.

மூன்று பேருக்கும் ஒரே பிஸ்கட் கம்பெனியில் வேலை. தனக்கோட்டி பிஸ்கட்டை அடுக்குவான். ஏழுமலை எண்ணுவான். ஏழுமலை எண்ணியது சரிதானா என்று கன்னியப்பன் எண்ணிப் பார்ப்பான். இந்த ஏற்பாட்டில் பிஸ்கட் குறைந்ததாகப் புகார் வந்ததே கிடையாது. கூடியிருக்கிறது என்றுதான் வரும்.

இந்த வீட்டுக்குள் மூளை என்ற ஒன்று வந்தது தனக்கோட்டிக்குக் கல்யாணம் ஆன அன்றுதான். அதற்குப் பெயர் கோமளா. ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். பிரசவத்துக்காக வந்தவாசியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், சித்திரையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, பத்தாம் நாளே போனில் கூப்பிட்டாள்.

"என் பொண்ணை அந்த மிளகாய் மூட்டை மேல கொண்டாந்து படுக்க வெக்க மாட்டேன். வந்தா சொந்த வீட்டுக்குத்தான். அங்க தொட்டில் கட்டித்தான் பேர் வெப்போம். அதுவரைக்கும் அவ பாப்பா, அவ்வளவுதான். ஆவணி ரெண்டாவது வெள்ளிக்கிழமை கெடு. அதுக்குள்ள வீடு அமையலேன்னா இங்கயே மாத்தல் வாங்கிக்கிட்டு இருந்துடுவேன்."

தனக்கோட்டி காலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். அவன் மகளை நேரில் பார்த்ததே ஒருமுறைதான். அப்போதும் அவள் துணிமூட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றபடி எல்லாம் போனில்தான். மில் மாடியில் நெட் அரைகுறையாகத்தான் கிடைக்கும். அதனால் மகளுடைய முகத்தில் இடது பாதி மட்டுமே அவனுக்கு நன்றாகத் தெரியும். வலது பாதி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கோமளாவுக்குத் தன் வீட்டுக்காரரைத் தெரியும். அதனால் ஏரியா எப்படிப் பார்ப்பது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்பினாள். கன்னியப்பன் அதை நாற்பது பக்க நோட்டில் அழகாகப் பிரதியெடுத்தான்.

முதல் வரி: மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள், தெருவில் தண்ணீர் தேங்குகிறதா என்று.

புறநகரில் மூன்று இடங்களைக் காட்டுவதாகத் தரகர் டில்லிபாபு சொல்லியிருந்தார். முதல் இடம் குபேரன் கார்டன். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. நடுத்தெருவில் மூன்று பேரும் குடையை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்கள்.

"ஒரு மணி நேரம் ஆச்சுண்ணா. மேகமே காணோம்," என்றான் ஏழுமலை.

"அண்ணி மழையில பாருன்னு எழுதியிருக்காங்க. வெயில்ல பாத்துட்டுப் போனா அது வேற ஏரியா," என்றான் கன்னியப்பன்.

தனக்கோட்டி யோசித்தான். "மழைன்னா என்னாடா? மேல இருந்து தண்ணி கீழ வருது. அவ்வளவுதானே. லாரியில இருந்து வந்தா மட்டும் தண்ணி தண்ணி இல்லையா?"

இந்த வாதத்தைத் தம்பிகள் இருவரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஓட்டை எதுவும் தெரியவில்லை. உடனே ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்தார்கள். டிரைவர், "எந்த வீட்டு சம்ப்புத் தொட்டியில விடணும்?" என்று கேட்டார்.

"சம்ப்புல வேணாங்க. ரோட்டுல விடுங்க. பரவலா."

டிரைவர் இவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று குழாயைத் திறந்துவிட்டார். அடுத்த நொடி குபேரன் கார்டன் முழுக்கக் கதவுகள் திறந்தன. குடத்தோடும் பக்கெட்டோடும், ஒரு பாட்டி பூத்தொட்டியோடும், ஜனங்கள் ஓடி வந்தார்கள். கால் மணி நேரத்தில் லாரி காலி. ரோட்டில் ஒரு சொட்டு இல்லை.

கன்னியப்பன் நோட்டில் எழுதினான்: "ஆறாயிரம் லிட்டர் மழை பெய்தும் தண்ணீர் தேங்கவில்லை. மிக நல்ல வடிகால்."

அன்று சாயங்காலம் தனக்கோட்டி இதைப் போனில் கோமளாவுக்கு வாசித்துக் காட்டினான்.

"ஏங்க, ஜனங்க ஏன் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க?"

"தண்ணி புடிக்கத்தான்."

"அப்ப அங்க தண்ணி வர்றதில்லையா?"

"வந்துதே. நாமதானே விட்டோம்."

"குபேரன் கார்டன் வேணாம்," என்று சொல்லிவிட்டுக் கோமளா போனை வைத்தாள்.

இரண்டாவது வரி: அங்கிருந்து வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது இடம் வசந்தகோகிலம் நகர். அங்கே விலைக்கு வந்திருந்த வீடு பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து வேலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அங்கே இருக்க வேண்டுமே. ஆகவே மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் தலையணை, துண்டு, டிபன் பாக்ஸ் சகிதம் அந்த வீட்டு வாசலுக்குப் போனார்கள். வாசற்படியில் கால் மணி நேரம் படுத்துத் தூங்கினார்கள். எழுந்து பல் தேய்த்தார்கள். டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்து, "போயிட்டு வரேன்," என்றான் தனக்கோட்டி. பதில் வராதது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

பஸ்ஸில் இவர்களையும் டிரைவரையும் கண்டக்டரையும் தவிர ஆள் இல்லை. முப்பதே நிமிஷம். கம்பெனி கேட் பூட்டியிருந்தது.

"வேலைக்கு வர முப்பது நிமிஷம். வந்தா வேலையும் இல்ல. இதைவிட நல்ல ஏரியா எங்கடா கிடைக்கும்?" என்றான் தனக்கோட்டி.

"வேலை நாள்ல பாருங்க," என்றாள் கோமளா, பல்லைக் கடித்துக்கொண்டு.

வேலை நாளில் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு நேரம் வேண்டாமா? மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை லீவு போட்டார்கள். அதே தலையணை, அதே வாசற்படி, அதே டிபன் பாக்ஸ். இந்த முறை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பாதி தூரம் போவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அப்போதுதான் ஏழுமலைக்கு உறைத்தது.

"அண்ணா, நாம இன்னிக்கு லீவு. லீவு போட்டவன் கம்பெனி வாசல்ல போய் நின்னா மேனேஜர் என்ன நினைப்பாரு?"

"பொய் லீவுன்னு நினைப்பாரு," என்றான் கன்னியப்பன்.

மூவரும் பாதி வழியில் குதித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார்கள். நோட்டில் ஏறியது இதுதான்: "வேலைக்குப் போகவே முடியவில்லை." இந்த ஒரு வரியைப் படித்துக் கோமளா அந்த நகரையும் அடித்துவிட்டாள். மூன்று வாரத்தில் தம்பிகள் எழுதியதில் அவளுக்குப் பிரயோஜனப்பட்டது அது ஒன்றுதான்.

ஆனி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய வரமாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம், நந்தவனம் அவென்யூ. தனக்கோட்டி போனில் மகளின் இடது பாதியைப் பார்த்து, "அப்பா வீடு பாத்துட்டே இருக்கேன் பாப்பா," என்றான். பாப்பா அந்தப் பாதி வாயால் கொட்டாவி விட்டாள்.

மூன்றாவது வரி: திருடன் வந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரியில் வெளியே சுற்றாதீர்கள்.

இந்த வரியின் மேல் மில் மாடியில் இரண்டு நாள் விவாதம் நடந்தது.

"எட்டிப் பாப்பாங்களான்னு தெரியணும்னா திருடன் வரணும்," என்றான் ஏழுமலை.

"நமக்குத் தெரிஞ்ச திருடன் யாருமே இல்லையேடா," என்று தனக்கோட்டி வருத்தப்பட்டான். ஆறு வருஷம் ஒரே தெருவில் இருந்தும் நாலு பேரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளாமல் போனோமே என்றிருந்தது அவனுக்கு.

"நாமளே திருடுவோம். ராத்திரி வேணாம்னு அண்ணி எழுதியிருக்காங்க. மத்தியானம் போவோம்," என்றான் ஏழுமலை.

"மத்தவங்க பொருளை எடுக்கிறது பாவம்," என்றான் கன்னியப்பன். அவன் செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போகிறவன்.

அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தனக்கோட்டியின் பார்வை பரண்மேல் போனது. அங்கே கோமளாவின் சீர்வரிசைப் பித்தளை அண்டா கவிழ்ந்திருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரிசு. விளிம்பைச் சுற்றி 'தனக்கோட்டி – கோமளா' என்று பெயர் வெட்டியிருக்கும்.

"நம்ம அண்டாவை நாம திருடினா பாவம் இல்லையே."

மறுநாள் மத்தியானம் நந்தவனம் அவென்யூவில், விலைக்கு வந்திருந்த ஏழாம் நம்பர் வீட்டின் மதில்மேல் ஓர் அண்டா ஏறியது. கீழிருந்து ஏழுமலை தள்ள, மேலிருந்து கன்னியப்பன் இழுக்க, 'டொய்ங்' என்று மதிலில் மோதி அது உள்ளே இறங்கியது. மூவரும் உள்ளே போய் வேப்ப மரத்தடியில் அண்டாவை வைத்தார்கள். வைத்த கையோடு திருடினால் திருட்டு மாதிரியே இருக்காது என்று ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். பிறகு பதுங்கிப் பதுங்கிப் போய் அதைத் தூக்கிக்கொண்டு, 'டொய்ங்' என்று மறுபடி மதிலில் ஏறினார்கள்.

அந்தத் தெருவின் சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசம், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசிலை விடவில்லை. எதிர்வீட்டு மாடியில் நின்று அவர் ஒரு ஊது ஊதினார். பதினெட்டு வீட்டுக் கதவுகளும் திறந்தன. துடைப்பம், கிரிக்கெட் மட்டை, தோசைத் திருப்பி என்று கையில் கிடைத்ததோடு தெருவே ஓடி வந்தது. அண்ணனும் தம்பிகளும் மதிலில் இருந்து இறங்கும் முன்னே யாரோ துணி காயப்போடும் கயிற்றைக் கொண்டுவந்து மூன்று பேரையும் விளக்குக் கம்பத்தில் சுற்றிக் கட்டிவிட்டார்கள். அண்டாவையும் சேர்த்துத்தான்.

தனக்கோட்டியின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"ஏழுமலை, எத்தினி நிமிஷம் ஆச்சு?"

"விசிலுக்கு அப்புறம் ரெண்டுண்ணா."

"இருபத்திரெண்டு பேரு வந்திருக்காங்க," என்றான் கன்னியப்பன். பழக்க தோஷத்தில் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்து, "இருபத்திமூணு," என்று திருத்தினான்.

தனக்கோட்டி கட்டுக்குள் இருந்தபடியே கூட்டத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினான். "எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இந்த மாதிரி ஜனங்க கிடைக்கணுமேன்னுதான் இவ்வளவு நாளா அலைஞ்சோம். வீடு எங்களுக்குப் புடிச்சிருக்கு. யார்கிட்டப் பேசணும்?"

கூட்டம் ஒன்றும் புரியாமல் செயலாளரைப் பார்த்தது. செயலாளர் அண்டாவைப் பார்த்தார்.

"எந்த வீட்ல எடுத்தீங்கடா இதை?"

"எங்க வீட்லதாங்க."

"உன் வீட்டு அண்டாவுக்கு இந்த வீட்டுல என்ன வேலை?"

"திருடறதுக்குங்க."

"திருடணும்னா அடுத்தவன் பொருளைத்தானேடா திருடுவாங்க?"

கன்னியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சார், பெரியவரு நீங்க. இப்படியெல்லாம் சொல்லிக் குடுக்கலாமா?"

ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளிம்பில் இருந்த பெயரைப் படித்தார். முப்பத்தைந்து வருஷ சர்வீசில் டிக்கெட் இல்லாதவன், ரயில் மாறி ஏறினவன், தூங்கிப்போனவன் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவர். இந்த ரகத்தைப் பார்த்ததில்லை. நம்பர் வாங்கிக் கோமளாவுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"ஏம்மா, தனக்கோட்டின்னு ஒருத்தர்..."

"என்ன பண்ணாரு சார்?" தெருவுக்கே கேட்டது கோமளாவின் பெருமூச்சு.

செயலாளர் சொன்னார். சிணுங்கிய குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே கோமளா கேட்டாள்.

"அண்டாவுக்கு அடியில ஒரு ஒடுக்கு இருக்கா சார்?"

"இருக்கும்மா."

"அப்ப எங்களுதுதான். அந்த மூணு பேரும் எங்களுதுதான். கட்டித்தானே வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா. அவிழ்த்துடச் சொல்லட்டா?"

"இருக்கட்டும் சார், இருக்கட்டும். நீங்க ஃப்ரீயா இருக்கீங்களா? அங்க தண்ணி எப்படி, உப்பா? போன மழைக்குத் தெருவுல எவ்வளவு நின்னுது? குழந்தைக்கு ஒண்ணுன்னா பக்கத்துல டாக்டர் இருக்காங்களா? ஸ்கூல் எவ்வளவு தூரம்?"

இருபது நிமிஷம் பேசினார்கள். தண்ணீர் கல்கண்டு என்று தோசைத் திருப்பி அம்மாள் நடுவில் புகுந்து சொன்னார். பஸ் விவரம் சொல்ல இன்னொருவர் போனை வாங்கினார். மூன்று வாரம் நோட்டும் கையுமாக அலைந்தும் கிடைக்காத தகவலெல்லாம், மூன்று பேரும் கம்பத்தோடு கம்பமாக நின்ற நேரத்தில் கிடைத்துவிட்டது. ஏழாம் நம்பர் வீட்டைப் பேசி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் அவிழ்த்துவிட ஞாபகம் வரவில்லை.

ஆனி முடிவதற்குள் பத்திரம் பதிவானது. 'அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்' என்பதுதான் கோமளாவின் கடைசி வரி. அதனால் தனக்கோட்டி தன் பெயரை எழுத நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டான். 'கோ'வுக்கும் 'ட்'டுக்கும் நடுவில் போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

நந்தவனம் அவென்யூவில் ஒரு வழக்கம். தெருமுனை கேட்டில் வாட்ச்மேன் கிடையாது. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் காவல் இருப்பார்கள். ஆவணியில் பால் காய்ச்சிக் குடியேறிய மறுவாரமே ஏழாம் நம்பரின் முறை வந்தது. ஞானப்பிரகாசம் ரிஜிஸ்டரைத் தனக்கோட்டியின் கையில் கொடுத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"இதோ பாரு தம்பி. யார் வந்தாலும் பேரைக் கேட்டு எழுதணும். பேர் இல்லாம ஒரு ஆளை உள்ளே விடக் கூடாது. உறவு, சிநேகம் எதுவும் பாக்கக் கூடாது. சாமான் வந்தா யார் வீட்டுதுன்னு எழுதிட்டு அனுப்பு. சந்தேகம் இருக்கா?"

"இல்லைங்க," என்றான் தனக்கோட்டி. அதுதான் கஷ்டமே. அவனுக்குச் சந்தேகம் வருவதே இல்லை.

ஆவணி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கேட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கோமளா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். தனக்கோட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ரிஜிஸ்டரைத் திறந்தான்.

"பேரு?"

கோமளா கணவனை உற்றுப் பார்த்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்ததால் வாதாடவில்லை. "கோமளா."

எழுதிக்கொண்டான். "தோள்ல இருக்கறது?"

"உங்க பொண்ணு."

"அது உறவு. பேரு கேக்கறேன்."

"பேர் இன்னும் வெக்கலியே. வீட்டுக்குப் போய்த்தானே வெக்கணும். நல்ல நேரம் பத்தரையோட முடியுதுங்க."

தனக்கோட்டியின் பேனா நின்றது. பேர் வைக்க உள்ளே போக வேண்டும். உள்ளே போகப் பேர் வேண்டும். துணைக்கு நின்ற கன்னியப்பனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"இங்கயே வெச்சிடலாமா?"

"வீட்டுல தொட்டில் கட்டித்தான் வெக்கணும்னு அண்ணி சொன்னாங்க. அண்ணி பேச்சை மீறலாமாண்ணா?"

"அண்ணிதான்டா இங்க நிக்கறேன்," என்றாள் கோமளா.

"நீங்க இப்ப சொல்றது வேற அண்ணி. அப்ப சொன்னதுதான் நோட்டுல இருக்கு."

கோமளாவுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. "பத்தரை தாண்டினா நான் இதே ஆட்டோவுல வந்தவாசிக்குத் திரும்பிடுவேன். சொல்லிட்டேன்." ஆட்டோக்காரர் அவசரமில்லாமல் ஒரு பீடா போட்டுக்கொண்டார். இந்தப் பேச்சில் விழித்த பாப்பா, தோளில் இருந்து திரும்பி அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள். தனக்கோட்டி முதன்முதலாக அவளுடைய வலது கன்னத்தைப் பார்த்தான். அதில் ஒரு குழி இருந்தது. இத்தனை மாதமாக இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டான். உள்ளே விடவும் முடியாது. திருப்பி அனுப்பவும் முடியாது.

அப்போது பழைய வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த சாமானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏழுமலை வந்து சேர்ந்தான். உள்ளிருந்து அவன் குரல் கோயில் மணி மாதிரி கேட்டது. "அண்ணா, அண்டா."

தனக்கோட்டி அண்டாவைப் பார்த்தான். விளிம்பில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தான். பாப்பாவைப் பார்த்தான். உருப்படியான ஒரு யோசனை அவனுக்கு வாழ்நாளிலேயே அப்போதுதான் வந்தது. அது வந்த வேகத்தில் அவனே ஓர் அடி பின்வாங்கினான்.

"ஏழுமலை, அண்டாவைக் கீழே எறக்கு. நிமித்தி வை."

கோமளாவுக்குப் புரிந்துவிட்டது. மணியைப் பார்த்தாள், பத்து இருபத்தொன்று. ஒரு பெருமூச்சு விட்டு, பையில் இருந்த பழைய நூல் புடவையை நாலாக மடித்து அண்டாவின் அடியில் விரித்தாள். பாப்பாவை அதன்மேல் உட்காரவைத்து முதுகுக்கு ஒரு கையைக் கொடுத்தாள். பாப்பா பித்தளையை ஒரு தட்டு தட்டி, அது திருப்பிப் பேசியதும் கெக்கெக்கே என்று சிரித்தாள். ஆளுக்கு ஒரு வளையத்தைப் பிடித்துத் தம்பிகள் இருவரும் அண்டாவைத் தூக்கினார்கள்.

தனக்கோட்டி ரிஜிஸ்டரில் குண்டு குண்டாக எழுதினான்: 'பித்தளை அண்டா ஒன்று. ஏழாம் நம்பர் வீட்டுச் சாமான்.' பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டான்.

வளையத்தைப் பிடித்திருந்த கன்னியப்பன் நகரவில்லை. அண்ணன் எழுதியதைத் தலையை நீட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டா காலியா, உள்ள ஏதாவது இருக்கான்னு எழுதலியேண்ணா."

அதுவும் நியாயம்தான். தனக்கோட்டி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பாப்பா அவனைப் பார்த்து இரண்டு கன்னத்தாலும் சிரித்தாள். புடவை மடிப்பின் ஓரமாக என்னவோ மெல்லப் பரவி வந்துகொண்டிருந்தது. ஒரு விரலை விட்டுத் தொட்டுப் பார்த்து, நன்றாக யோசித்து, அவன் அடுத்த வரியை எழுதினான்:

'உள்ளே கொஞ்சம் வெந்நீர்.'